ஒரே பேர், இரண்டு மொட்டை

ஐம்பதைத் தாண்டிய சகாக்களே, கையிலிருக்கும் போனைத் திறந்து உங்கள் பேரையே ஒருமுறை தேடிப் பாருங்கள். நான் தேடினேன். ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். ஒருவர் தண்ணீர் லாரி. ஒருவர் யாரென்றே தெரியவில்லை, ஆனால் தீபாவளிக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறார். பல் டாக்டரின் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். தலை நிறைய முடி. என்னுடைய பேரை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்னவெல்லாம் சாதித்திருக்கிறார் என்று வயிறு எரிந்தது.

பொறாமை எனக்குப் புதிதல்ல. சிலருக்குச் சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு முகத்திலேயே தங்கிவிடுமே, அதுபோல எனக்கு இது. வந்தது பத்து வயதில். வந்த இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். காரணம் என் பேர்.

அந்தப் பேரை இங்கே எழுதப்போவதில்லை. என் பெரியம்மா இருக்கிறாள். எண்பத்திரண்டு வயது. படிக்கத் தெரியாது, யாராவது வாசித்துக் காட்டுவார்கள். பேர் வருகிற இடத்திலெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். என் எழுத்துக்காக ஒரு கிழவி இருபது தடவை கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். எங்கள் குடும்பத்தில் மகன்களின் மூத்த மகனுக்குத் தாத்தா பேர் வைப்பார்கள். தாத்தாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பெரியப்பா, இளையவர் அப்பா. இரண்டு வீட்டிலும் மூத்தது பையன். ஆகவே இரண்டு வீட்டிலும் ஒரே பேர். பிறந்ததும் பதினோரு நாள் இடைவெளியில். முதலில் பிறந்தவன் நான் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

பேரை வைத்துவிட்டார்களே தவிர, வீட்டில் கூப்பிட ஆள் கிடையாது. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அவர் செத்துப் படத்துக்குள் போன பிறகும் கூடாது. பேர் இன்னொருத்தருக்கு வைத்ததாக இருந்தாலும் கூடாது. ராஜபாளையத்தில் அந்தப் பேரில் ஒரு மருந்துக்கடை இருந்தது. அம்மா அதைத் ‘தாத்தா மருந்துக்கடை’ என்பாள். அதே பேரில் ஒரு தனியார் பஸ் ஓடியது. அது ‘தாத்தா பஸ்’. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் அத்தை ஒருத்தி குடிவந்த புதிதில், “ஏமிரா, உங்க தாத்தா பெரிய பணக்காரரா? பஸ்ஸு, கடை எல்லாம் இருக்கு” என்று என்னைக் கேட்டாள். தாத்தா சைக்கிள்கூட வைத்திருந்ததில்லை.

என்னை அம்மா எப்படிக் கூப்பிட்டாள்? ‘ஏலே’ என்று. அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா தன் மகனை எப்படிக் கூப்பிட்டாள்? ‘ராசா’ என்று. ஒரே தாத்தா, ஒரே பேர், ஒரே தடை. ஒருத்தனுக்கு ராசா, ஒருத்தனுக்கு ஏலே.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் என்னைப் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அம்மாவுக்குத் தங்கச்சி வயிற்றில் இருந்தாள். டாக்டரம்மா அம்மாவைப் படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். அப்பா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓட்டும் தறியில் வேலை பார்த்தார். ஒரு நோயாளியையும் என்னையும் சேர்த்துப் பார்க்க அவரால் ஏலாது. பெரியப்பா பஸ் கண்டக்டர். ஒருநாள் சாயங்காலம் டூட்டி முடிகிற டிரிப்பில் என்னை ஏற்றிக்கொண்டார். பதினொரு கிலோமீட்டர். அரை மணி நேரத்தில் நான் நானாக இல்லாமல் போனேன்.

முதல் அடி அன்றைக்கே விழுந்தது. பாலை ஆற்றிப் பெரியம்மா இரண்டு டம்ளரில் கொண்டுவந்தாள். ஒன்று பித்தளை டம்ளர். தாத்தாவுடையது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதே இல்லை. என் நோட்டில் நான் தினமும் எழுதுகிற பேர். கையை நீட்டினேன்.

“அது ராசா டம்ளர்ய்யா. உனக்கு இந்தா,” என்று எவர்சில்வர் டம்ளரைத் தந்தாள்.

“பெரியம்மா, அதுல என் பேரு போட்டிருக்கு.”

“அவன் பேருந்தான் போட்டிருக்கு. குடிச்சுட்டு வை, ஆறிரும்.”

எனக்குத் தந்த டம்ளரிலும் ஒரு பேர் வெட்டியிருந்தது. பெரியம்மா கல்யாணத்துக்கு மொய்ப் பொருளாக வந்தது. சாத்தூர்க்காரர் யாரோ. அவர் இனிஷியலோடு. நான்கு மாதம் காலையும் மாலையும் முன்பின் தெரியாத சாத்தூர்க்காரரின் டம்ளரில் பால் குடித்தேன். எதிரில் என் பேரை வாயில் வைத்து இன்னொருத்தன் குடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பித்தளை டம்ளர் வாசம், சூடான பாலும் புளி போட்டுத் தேய்த்த பித்தளையும் சேர்ந்த வாசம், இப்போதும் எங்காவது வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

பள்ளிக்கூடத்தில் இரண்டாவது அடி. ஐந்தாம் வகுப்பு. அவன் படித்த அதே வகுப்பில் சேர்த்தார்கள். வாத்தியார் வருகைப் பதிவேட்டில் என் பேரை எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார்.

“இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒருத்தன் இருக்கானே. நீ எந்த ஊருலே?”

“ராஜபாளையம் சார்.”

“அப்ப நீ ராஜபாளையம். போய் உக்காரு.”

முடிந்தது. எங்கள் ஊருக்கு ஆலைகள் உண்டு, மாம்பழம் உண்டு, மேற்கே மலை உண்டு. ஆனால் ராஜபாளையம் என்றால் மற்ற ஊர்க்காரனுக்கு நாய். பால் வெள்ளையில், ரோஸ் மூக்கோடு, விறைப்பாக நிற்கிற வேட்டை நாய். ஊர்ப் பேரை நாய்க்கு வைத்தார்களே தவிர, நாய்ப் பேரை யாரும் ஊருக்கு வைக்கவில்லை. இதை நான் அந்த வகுப்பில் விளக்கிச் சொல்ல முயன்றேன். முதல் நாளே அப்படி ஒரு காரியம் செய்திருக்கக்கூடாது.

“ஏலே, ராஜபாளையம் குரைக்குதுலே!”

“கடிக்குமா?”

“சங்கிலி எங்கலே?”

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் விவரமாகச் சொன்னான்: “வெள்ளை ராஜபாளையத்துக்குக் காது கேக்காதாம். எங்க மாமா வீட்ல நிக்கி. வெடி போட்டாக்கூடத் திரும்பாது.”

“இவன் கறுப்பால்ல இருக்கான்?”

“கறுப்பு ராஜபாளையமும் இருக்கும்லே.”

அதிலிருந்து வகுப்பில் யாராவது என் முதுகுக்குப் பின்னால் வந்து கையைத் தட்டுவார்கள், காது கேட்கிறதா என்று பார்க்க. திரும்பினால் சிரிப்பு. திரும்பாவிட்டால் பெரிய சிரிப்பு.

என் பேர்க்காரன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு அடி வைத்துக் கணக்கைத் தீர்த்திருப்பேன். அவன் பாட்டுக்கு நோட்டைத் திறந்து, மேலே அழகாகத் தன் பேரை எழுதி, கீழே கோடு போடுவான். கையெழுத்தும் நன்றாக இருக்கும். ஒருவனை மன்னிக்க முடியாதபடிச் செய்ய இதற்குமேல் என்ன வேண்டும்?

வாத்தியார் பேரைக் கூப்பிட்டால் பழக்கத்தில் நானும் எழுந்துவிடுவேன். “நீ இல்லலே, அவன்” என்பார். முதல் வாரம் பத்து தடவை எழுந்திருப்பேன். இரண்டாவது வாரம் இரண்டு தடவை. ஜூலையில் அந்தப் பேர் காதில் விழுந்தால் என் உடம்பு அசையவே இல்லை. நன்றாகப் பழகிவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா எங்கள் இருவரையும் ஒரு டிரிப் கூட்டிப்போவார். முன்படிக்கட்டுக்குப் பக்கத்து ஜன்னல் சீட்டில் அவன். அவனுக்கு மட்டும் விசில் ஊதக் கிடைக்கும். பித்தளைச் சங்கிலியில் கோத்த விசில். இரண்டு ஊது ஊதினால் அம்மாம் பெரிய வண்டி கிளம்பும். நான் கேட்டபோதெல்லாம் பெரியப்பா, “அடுத்த வாரம் உனக்கு” என்றார். பெரியப்பா கெட்டவரில்லை. ஒரு வாரத்தில் மறந்துபோகிற நல்லவர்.

அவர் ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது சொன்ன கதை எனக்கு மட்டும் வேறு மாதிரிக் கேட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. சின்ன மலை. மேலே பெருமாள் கோயில். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நம் பக்கத்துக் கூட்டமெல்லாம் அங்கேதான் இருக்கும். மற்ற நாட்களில் குரங்குகள் இருக்கும். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் திரும்பிய வெளியூர்க்காரத் தம்பதி பஸ் போர்டில் பேரைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது என்று ஏறிவிட்டார்களாம்.

“எறங்குனதும் மலையச் சுத்தணும்னு கெளம்பிட்டாவ,” என்றார் பெரியப்பா, சோற்றைப் பிசைந்தபடி. “நான் வண்டியத் திருப்பி நிறுத்திட்டு ஒரு டீ குடிக்கதுக்குள்ள சுத்திட்டு வந்துட்டாவ! ‘இம்புட்டுத்தானா?’ங்காரு அந்தாளு. ‘தீபம் எங்கிட்டு ஏத்துவாங்க?’ங்கு அந்தம்மா. நான் என்னத்தச் சொல்ல? ‘இது வேற மலைம்மா, இங்க பெருமாள். வந்ததுக்கு அவரையும் கும்புட்டுப் போங்க’ன்னேன்.”

பெரியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சின்ன மலையை நினைத்தேன். அது பாட்டுக்குத் தன் இடத்தில் நிற்கிறது. அதற்கும் அதுதான் பேர். ஆனாலும் வருகிறவன் எல்லாம் இன்னொன்றைத் தேடி வந்து, இம்புட்டுத்தானா என்று கேட்டுவிட்டுப் போகிறான். உலகத்தில் என்னைப் புரிந்துகொள்ள ஒரு மலையாவது இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது.

அந்த மலைக்குப் புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை எங்களைக் கூட்டிப்போனாள் பெரியம்மா. நேர்த்திக்கடன், இருவருக்கும் மொட்டை என்றாள். யாருக்காக, எதற்காக என்று நான் கேட்கவில்லை. ராசாவுக்காக இருக்கும், எனக்கு இலவச இணைப்பாக ஒரு மொட்டை என்று நானே முடிவு செய்துகொண்டேன். இருவருக்கும் ஒரே துணியில் நீலச் சட்டை. என்னுடையது ஒரு சைஸ் பெரிது. வளருகிற பிள்ளையாம். அவன் வளராத பிள்ளையா?

அடிவாரத்தில் முடி எடுக்கிற கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். குளிர்ந்த தண்ணீரைத் தலையில் தெளித்துக் கத்தியை வைத்ததும் உடம்பு சிலிர்த்தது. தெப்பத்தில் முங்கி எழுந்து, தலையில் சந்தனம் அப்பி, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முடி இல்லாவிட்டால் இருவருக்கும் தாத்தா மண்டை. பேர் மட்டுமல்ல, இப்போது தலையும் ஒன்று.

மேலே சன்னதியில் நெரிசல். அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்: “பேரு, நட்சத்திரம்?”

பெரியம்மா பேர் சொல்லக்கூடாதே. மகனை முன்னால் தள்ளினாள். “நீ சொல்லு ராசா.”

அவன் கணீரென்று பேரைச் சொன்னான். தன் நட்சத்திரத்தைச் சொன்னான். அர்ச்சகர் பெருமாள் பக்கம் திரும்பி அதையே சொன்னார்.

“சாமி, இவனுக்கும்,” என்று பெரியம்மா என்னைக் காட்டினாள்.

“இவன் பேரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவன், “அதே பேருதான் சாமி,” என்றான்.

“அப்ப சேர்த்தே ஆச்சு. நகருங்கோ, பின்னால கூட்டம் நிக்கறது.”

சகாக்களே, பதினோரு நாள் வித்தியாசம். என் நட்சத்திரம் வேறு. பேர் எனக்கும் அவனுக்கும் பொது என்று வைத்துக்கொண்டாலும், பெருமாள் அந்த நட்சத்திரத்தை வைத்துத் தேடினால் யார் வீட்டுக்கு வருவார்? டம்ளர் போச்சு, வகுப்பில் பேர் போச்சு, விசில் போச்சு. இப்போது சாமியும் அவன் பக்கம். படியில் இறங்கும்போது என் கையைப் பெரியம்மா பிடித்திருந்தாள். வியர்வையில் வழுக்கியது. நான் இழுத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். இழுத்துக்கொண்டேன்.

முடிக் கொட்டகைக்குப் பின்னால் தெப்பத்தின் படிக்கட்டு ஒன்று ஆளில்லாமல் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் சாக்குகளில் முடி. ஈர முடி வாசம், சந்தனம், எங்கிருந்தோ சுண்டல் தாளிக்கிற வாசம். இரண்டு படி தள்ளி ஒரு பெரியவர் மொட்டைத் தலையை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. போலீஸ் பூத் மைக் கொரகொரத்தது. பிறகு பெரியம்மா குரல்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அந்தப் பேர். முழுசாக. மலை முழுக்க.

“... எய்யா, எங்கய்யா இருக்க? போலீஸ் பூத்துக்கு வந்துருய்யா. பெத்தவ பாடா படுதேன், வந்துருய்யா.”

மூன்று தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் குரல் மேலே போய் உடைந்தது.

நான் அசையவில்லை. நான்கு மாதப் பழக்கம். அது அவனைக் கூப்பிடுகிற பேர். சரி, அவனும் தொலைந்துவிட்டான் என்று நினைத்தேன். முதலில் ஒரு குளிர்ச்சி. அப்புறம் அதுவும் எரிச்சலாக மாறியது. பாருங்கள், அவன் தொலைந்தால் மைக். அவன் தொலைந்தால் மாமனார் பேரே வாயில் வருகிறது. பெத்தவளாம், எய்யாவாம். நானும்தான் தொலைந்து உட்கார்ந்திருக்கிறேன், என்னைத் தேட ஒரு நாதி உண்டா?

கொஞ்ச நேரத்தில் மைக்கில் ஓர் ஆண் குரல். “ராஜபாளையம்... ராஜபாளையம். நீலச் சட்டை, மொட்டை. எங்கிருந்தாலும் உடனே பூத்துக்கு வரவும்.”

பக்கத்துப் பெரியவர் என்னைப் பார்த்தார். “இந்தக் கூட்டத்துக்குள்ள எவம்லே நாயக் கூட்டிட்டு வந்தான்? அதுக்குச் சட்டை வேற.”

இது எனக்கு என்று தெரிந்தது. அதனால்தான் போகவில்லை. அவனுக்குப் பேர், எனக்கு நாய். உண்மையான நாயாக இருந்திருந்தால் போயிருக்கும்.

பிறகுதான் அவன் வந்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, மூச்சு வாங்க, சந்தனம் வழிந்து கண்ணோரம் வந்திருக்க. செருப்பில்லை.

“ஏலே, வாலே. உன்னைய எங்கெல்லாம் தேட?”

“நீதான தொலஞ்ச. கெடச்சுட்டல்ல, போ.”

“நான் தொலையலலே. செருப்பப் பாத்துக்கிட்டு நில்லுன்னு எங்கம்மா நிறுத்திட்டுப் போனா. மைக்குல கூப்புட்டது உன்னைய.”

“பேரச் சொல்லித்தான கூப்புட்டாவ.”

“ஆமா. உன் பேரத்தான் சொன்னா.” அவன் உதடு கோணியது. “எங்கம்மா.”

படியில் உட்கார்ந்து அழுதான். நான் அவன் அழுது பார்த்ததே இல்லை. கணக்கில் நூறு வாங்குகிறவனுக்கு அழ என்ன இருக்கிறது? விக்கலுக்கு நடுவே சொன்னான்: “நான் ஓடுனேம்லே. செருப்பெல்லாம் அப்புடியே போட்டுட்டு ஓடுனேன். எங்கம்மா பேரச் சொல்லிட்டாளேன்னு. போயி நின்னா... ‘நீ இல்லலே, அவன் எங்க?’ங்கா.”

நீ இல்லலே, அவன். வாத்தியார் எனக்குச் சொல்லும் அதே வார்த்தை. அவனுடைய அம்மா வாயிலிருந்து, அவனுக்கு. ராசா என்றுகூட இல்லை, லே என்று.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் ஒரு கணக்கு இருந்தது. வாத்தியார் சொல்வார், பையன்கள் சொல்வார்கள், அர்ச்சகர்கூடச் சொல்வார். அந்தப் பேரை அம்மா வாயிலிருந்து கேட்க அவன் பத்து வருடமாகக் காத்திருந்திருக்கிறான். ராசா பட்டம் அவனுக்குப் போதவில்லை. நான் அதற்காக நான்கு மாதம் செத்துக்கொண்டிருந்தேன்.

பூத்தில் நடந்ததைப் பெரியப்பா பிற்பாடு வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஸ்பெஷல் வண்டியில் அடுத்த டிரிப் வந்தவர் பூத்திலிருந்த ஏட்டையாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது.

“பையன் பேரு சொல்லும்மா” என்றிருக்கிறார் ஏட்டையா.

“அவிய தாத்தா பேரு சார்.”

“தாத்தா பேரு என்ன?”

“அதச் சொல்லக்கூடாது சார்.”

“எழுதிக் காட்டு.”

“எழுதத் தெரியாது.”

“சரி, அடையாளமாவது சொல்லு.”

“மொட்டை சார். சந்தனம் தடவியிருக்கும்.”

ஏட்டையா பூத்துக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினாராம். கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டை. எல்லாவற்றிலும் சந்தனம். பெரியம்மா வெளியே எட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு கண்ணை இறுக மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, “அந்த மைக்க இப்பிடிக் குடுங்க” என்று வாங்கியிருக்கிறாள்.

மகன் ஓடிவந்து நின்றதும் ஏட்டையாவுக்கு நிம்மதி. “இந்தா, வந்துட்டான்ல.”

“இவன் இல்ல சார். இன்னொருத்தன்.”

“அப்ப இவன் யாரு? இவன் பேரென்ன?”

“அதே பேருதான்.”

தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாராம். “அப்ப நீ கூப்புட்டது தனக்குத்தான்னு அந்தப் பயலுக்கு எப்பிடிம்மா தெரியும்?” அவரே மைக்கை வாங்கிக்கொண்டாராம். “எந்த ஊருக்காரன்? அதையாவது சொல்லு.” அப்படித்தான் நான் மைக்கில் நாயானேன்.

நான் போய் நின்றதும் பெரியம்மா மொட்டையில் ஓங்கி ஒன்று வைத்தாள். கை முழுக்கச் சந்தனம். அதே கையால் என்னை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். “ஒங்கம்மாட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்? காது கேக்கலயாலே உனக்கு?” என்றாள். ராஜபாளையத்துக்குக் காது கேட்காது என்று கடைசி பெஞ்சுக்காரன் சொன்னது உண்மையாகிவிட்டது.

அவன் இன்னும் தேம்பிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்களுக்கு அதைப் பார்க்கப் பார்க்க உருகியது.

“தம்பி தொலைஞ்சிட்டான்னு எப்பிடி அழுவுதான் பாரு!”

“இந்தக் காலத்துல சித்தப்பா மகன் மேல எம்புட்டுப் பாசம்!”

ஏட்டையா தன் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து அவனுக்குக் கொடுத்தார். பாசத்துக்குப் பரிசு. தொலைந்தது நான், மிட்டாய் அவனுக்கு. தம்பியும் நான் இல்லை, பதினோரு நாள் மூத்தவன். எதையும் திருத்துகிற நிலையில் அன்று நான் இல்லை. அவன் அழுதது பாசத்தினால் அல்ல என்று அந்தக் கூட்டத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருடமாக எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பிப் பாசத்துக்கு உதாரணம் சொல்ல அந்த அழுகையைத்தான் சொல்கிறார்கள். கல்யாண வீடுகளில் நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவோம்.

செருப்புகள் போனது போனதுதான். மூன்று பேரும் வெறுங்காலோடு பெரியப்பா பஸ்ஸில் ஏறினோம். பெரியப்பா விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “ஊதுலே.” நான்கு மாதம் கேட்டது. வாயில் வைத்தேன். ஜன்னல் சீட்டில் அவன் மொட்டைத் தலையைக் கம்பியில் சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவைதான் ஊதினேன். வண்டி கிளம்பவில்லை. இரண்டாவதைப் பெரியப்பாவே ஊதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா தாத்தா படத்துக்கு முன்னால் நின்று வெகுநேரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு பாலை ஆற்றிக் கொண்டுவந்தாள். பித்தளை டம்ளரை என் முன்னால் வைத்தாள். சாத்தூர்க்காரர் டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். நான் குடித்தேன். பால் பாலாகத்தான் இருந்தது. வெட்டின எழுத்து உதட்டில் லேசாக உரசியது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அந்த டம்ளர் பழையபடி அவனிடம் போயிருந்தது. யார் மாற்றிவைத்தார்கள் என்று தெரியாது. நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி நல்லதாக ஒரு வரியாவது இருக்கட்டும்.

பத்து நாளில் தங்கச்சி பிறந்தாள், அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லாமல். அப்பா என்னைக் கூட்டிப்போக வந்தபோதுதான் சொன்னார், அந்த இரண்டு மொட்டையும் அம்மா நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று பெரியம்மா நேர்ந்துகொண்டதாம். எங்கள் அம்மாவுக்காக அவளுடைய ராசா முடியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். நான் அதையும் அவன் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

போன மாதம் பெரியம்மாவை பேங்குக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவனும் நானும் போனோம். அவன் காரை நிறுத்தப் போயிருந்தான். கவுண்டரிலிருந்த பெண் கேட்டாள்: “நாமினி பேர் சொல்லுங்க பாட்டி.”

பெரியம்மா என்னைப் பார்த்தாள். “நீ சொல்லு.”

சொன்னேன். அந்தப் பெண் தட்டினாள்.

“உங்களுக்கு என்ன உறவு?”

“மகன்,” என்றாள் பெரியம்மா.

திரையில் என் பேரும் அதற்குப் பக்கத்தில் மகன் என்பதும் ஒரு அரை நிமிடம் நின்றன. அழகாக இருந்தது. பிறகு அந்தப் பெண் ஆதார் அட்டை கேட்டாள். அவன் வந்து தன்னுடையதை எடுத்துக் கொடுத்தான். பன்னிரண்டு எண்ணில் மறுபடியும் ஜெயித்துவிட்டான்.

கூட்டமாக இருந்ததால் பெரியம்மாவை உள்ளே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வாசல் படியோரம் மர நிழலில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவனுக்குச் சர்க்கரை, எனக்கு முட்டிவலி. இருவருக்கும் இப்போது செலவில்லாத மொட்டை.

“இங்கயும் சொல்லலையாலே?” என்று கேட்டான்.

“சொல்லல. என்னையச் சொல்லச் சொன்னாவ.”

“தாத்தா செத்து அம்பது வருசம் ஆவுது. நேத்துகூடக் கேட்டேன். ‘ஒரு தடவ சொல்லும்மா’ன்னு. ‘போலே, கெளட்டுப் பயலே’ங்கா.” செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினான். “வாழ்நாள்ல ஒரே ஒரு நாளு சொன்னா. அதும் உனக்கு.”

“அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுத?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் ஓடுனேன், நீ ஒக்காந்தே இருந்த. அதத்தான் சொல்லுதேன்.”



உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. “எய்யா!”

பேர் இல்லை. வெறும் எய்யா. எனக்கா, அவனுக்கா என்று நான் பார்க்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, படியேறி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கப் போய் முன்னால் நின்றேன்.

பெரியம்மா கண்ணைச் சுருக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ இல்லலே. அவன் எங்க?”

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மர நிழலில், அவன் உட்கார்ந்தே இருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.